நாலு தந்திச் சாரங்கி

விடுப்பு விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: விடுப்பை எவரும் உரிமையாகக் கோர முடியாது, பணியின் தேவை கருதி அதிகாரி அதை மறுக்கலாம், தள்ளியும் போடலாம், ஆனால் கேட்கப்பட்ட விடுப்பின் வகையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. கொடு, அல்லது கொடுக்காதே; கேட்டதை வேறொன்றாக ஆக்காதே என்று பொருள். அரசாங்கம் எழுதிய வாக்கியங்களில் இவ்வளவு நேர்மையான வாக்கியம் அபூர்வம். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் நான் இதை ஒரே ஒரு முறைதான் மீறினேன். அந்த ஒரு முறைக்குக் காரணமானவர் எங்கள் அலுவலகத்து வாயிற்காவலர்.

டல்ஹவுசிப் பக்கம் நான்கு மாடிக் கட்டடம் எங்களுடையது. அதன் வாசலில் காக்கிச் சட்டையோடு ஒரு முக்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். கல்கத்தாவில் மலையிலிருந்து வந்து வாசல் காப்பவர்கள் எல்லோருக்கும் பகதூர் என்று ஒரே பெயர். அவருக்கு அம்மா அப்பா வைத்த வேறு பெயர் உண்டு. பணிப்பதிவேட்டில் அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் பகதூர் என்றே கூப்பிட்டேன். இந்தியில் 'நீ' என்கிற 'தும்' போட்டுத்தான் பேசினேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. பென்ஷனோடு சேர்ந்து வந்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

மாடிப்படிக்கு அடியில் தீயணைக்க வைத்த மணல் வாளிகளுக்கு மேல் ஓர் ஆணி. அதில் அவருடைய சாரங்கி தொங்கும். ஒற்றைக் கட்டையைக் குடைந்து செய்தது, முழ நீளம், கீழ்ப்பாதியில் தோல், நாலு தந்தி, வில்லில் சின்னச் சின்ன மணிகள். மதிய உணவு இடைவேளையில் குமாஸ்தாக்கள் ஜால்முடி என்ற மசாலாப் பொரிப் பொட்டலத்தோடு வாசலுக்கு இறங்கி வந்தால் அதை எடுத்து மடியில் நிறுத்திக்கொள்வார். மலையில் அவர் சாதிக்குக் காயினே என்று பெயர். சேதிகளைப் பாட்டாக்கி ஊர் ஊராக, வாசல் வாசலாகப் போய்ச் சொல்வது அவர்கள் தொழில். வாசலோடு சரி, உள்ளே கூப்பிட மாட்டார்கள். எங்கள் அலுவலகத்திலும் அதே ஏற்பாடுதான் என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

பாட்டு பெரும்பாலும் அன்று காலை நடந்ததாகத்தான் இருக்கும். எந்த அதிகாரியின் கார் எத்தனை மணிக்கு வந்தது, கரண்ட் எப்போது போனது, சம்பளக் கமிஷனுக்காக ஊர்வலம் போனவர்களில் யார் யார் பாதி வழியில் சினிமாவுக்குத் திரும்பினார்கள். நடந்ததைத்தான் பாடுவார். கூட்டிப் பாட மாட்டார், குறைத்தும் பாட மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். மற்றதெல்லாம் அதனால் விளைந்த தொல்லைகள்.

ஒருமுறை எங்கள் டைரக்டர் கரண்ட் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மதியம் பாட்டு வந்துவிட்டது. 'முதலில் இங்கிலீஷில் திட்டினார், பிறகு இந்தியில் திட்டினார், பிறகு தாய்மொழியில் தாயைக் கூப்பிட்டார்' என்று. மேலிருந்து எனக்கு உத்தரவு: விளக்கம் கேளுங்கள். கேட்டேன்.

"எந்த வரி தப்புன்னு சொல்லுங்க சாப். எடுத்துடறேன்" என்றார்.

அதையே எழுதி மேலே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து டைரக்டரின் அந்தரங்கக் காரியதரிசி இறங்கி வந்து, தாம் முதலில் பேசியது இந்தி, இங்கிலீஷ் அப்புறம்தான் என்று சாப் அபிப்பிராயப்படுகிறார் என ரகசியமாகச் சொன்னார். மறுநாளே பாட்டில் அது திருத்தப்பட்டது. கோப்பில் 'விஷயம் திருப்திகரமாக முடிந்தது' என்று எழுதி மூடினேன்.

எங்கள் பிரிவின் தலைமைக் குமாஸ்தாவைப் பெரிய பாபு என்போம். அவர் சங்கீத ரசிகர்; எவரையும் 'மோஷாய்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் வங்காளி. அலுவலகப் பொழுதுபோக்கு மன்றத்தின் விழாவில் காவலரின் சாரங்கியை மேடையேற்றும் யோசனை அவருடையது. சாரங்கி என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கச்சேரிகளில் பார்த்த பெரிய சாரங்கி நினைவுக்கு வந்திருக்கிறது. அதற்கு முப்பதுக்கு மேல் தந்திகள். விழாவன்று மேடையில் இதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, நாலுதான் இருக்கு. மீதியெல்லாம் எங்கே?"

"இவ்வளவுதான் பாபு."

"ஸார், பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று என்னிடம் திரும்பினார். "இவனுக்கு மீதித் தந்தி வாங்கிக் கொடுக்க மன்றத்து நிதியில் வழி இருக்கிறதா மோஷாய்?"

காவலர் பொறுமையாகச் சொன்னார்: "நடந்ததைச் சொல்ல நாலு போதும் பாபு. நடக்காததையும் சொல்லணும்னாதான் நிறைய வேணும்."

பெரிய பாபு சிரித்தார். பிற்பாடு யோசித்துப் பார்த்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

நான் குடியிருந்தது லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஏரிக்கரையில் நடப்பேன். லேக் கார்டன்ஸ் பக்கத்து வீடுகளில் வாசல் காக்கும் மலைக்காரர்கள் அங்கே புல்தரையில் கூடுவார்கள். நடுவில் சாரங்கியோடு இவர். அங்கே பாடுவது வேறு. ஒவ்வொருவனுக்கும் அவனவன் பள்ளத்தாக்கின் மெட்டு. ஒரே கதைதான், ஆனால் தீஸ்தா நதிக்கு இந்தக் கரையில் ஒரு மெட்டு, அந்தக் கரையில் இன்னொன்று. மாற்றிப் பாடச் சொன்னால் வில்லைக் கீழே வைத்துவிடுவார். ஒரு ஞாயிறு, ஜோல்னாப் பையும் டேப் ரிக்கார்டருமாக ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்திருந்தார்.

"தாதா" என்று வங்காளியில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "ஒரு சோகப் பாட்டுப் பாடுங்களேன்."

"யார் செத்துட்டாங்க?"

"யாரும் சாகவில்லை. சும்மா."

"சும்மா சோகம் கிடையாது பாபு" என்று சொல்லிவிட்டு, ஒரு பாலம் கட்டிய கதையை அரை மணி நேரம் பாடினார். எந்தக் கண்டிராக்டர் எத்தனை மூட்டை சிமெண்டை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்பது உட்பட. மாணவர் நாடாவின் இரண்டு பக்கத்தையும் நிரப்பிக்கொண்டு குழப்பத்தோடு போனார்.

இந்த மனிதர் வேலை பார்த்த இடத்தில் விடுப்பு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். தந்தியில் கிடைத்தது. 'தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படு' என்ற தந்தி மேஜைக்கு வந்தால் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவது எங்கள் மரபு. தந்தியை யார் கொடுத்தார்கள், எந்தத் தபாலாபீஸ் முத்திரை என்றெல்லாம் பார்ப்பது பண்பாடில்லை. தாய்மை அங்கே ஆபத்தான உத்தியோகம். பூஜைக்கு முன்னும் கால்பந்துப் பருவத்திலும் தாயார்கள் கொத்துக் கொத்தாகப் படுக்கையில் விழுவார்கள். பெரிய பாபுவின் தாயார் என் காலத்தில் மட்டும் மூன்று முறை கண் மூடினார். நான்காம் முறை நிஜமாகவே போனபோது துக்கம் கேட்க அலுவலகத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. தவறாக நினைத்துக்கொள்வாரே என்ற தயக்கம். மொத்தத்தில் ஒரு தந்தி போதும். நாலு தந்தி வைத்திருந்தவருக்கு அந்த வித்தை தெரியவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு மார்ச் மாதம், கிதிர்பூரில் ஒரு கிடங்கைக் காத்துவந்த மலைக்காரர் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். காளிம்போங்குக்கு மேலே, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை நாள் நடக்க வேண்டிய ஊர் அவருடையது. அங்கே மனைவி மட்டும். பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக உடனிருந்தவர் எங்கள் காவலர். என்ன சொல்ல வேண்டும் என்று இறந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இங்குள்ள மலைக்காரர்கள் சேர்ந்து தகனம் செய்தார்கள். சேதி சொல்வது மட்டும் பாக்கி.

அதைக் கடிதத்தில் எழுதுவதில்லை. ஊருக்குப் போகிற வேறொருவன் வாயால் சொல்லி அனுப்புவதும் இல்லை. காயினே போய், வாசலில் உட்கார்ந்து, மனிதன் எப்படி இருந்தான், எப்படிப் போனான், என்ன சொன்னான் என்று முழுக்கப் பாட வேண்டும். அதுவரை அவள் காதில் விழாமல் ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். அதுவரை அவள் சுமங்கலி.

போய் வரப் பதினைந்து நாள் ஆகும். அவர் கணக்கில் ஈட்டிய விடுப்பு ஏராளமாக இருந்தது. கீழே தட்டச்சுப் பிரிவில் ஒருவரைப் பிடித்துப் படிவத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறார். 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் சொன்னதை அந்தப் பிள்ளை அப்படியே இங்கிலீஷில் எழுதிவிட்டான். தமிழில் சொன்னால்: 'இன்னார் இறந்துவிட்டார் என்பதை அவர் மனைவிக்குப் பாடுவதற்கு.'

பெரிய பாபு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஸார், இந்தக் காரணம் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. செத்தவன் இவனுக்கு உறவும் இல்லை."

"ஈட்டிய விடுப்புக்கு உறவு எதற்கு?"

"அது சரி. ஆனால் பாடுவதற்கு என்று எழுத்தில் கொடுத்திருக்கிறானே மோஷாய். நாளைக்குத் தணிக்கையில் கேட்டால்? அரசு ஊழியர் வெளியூரில் போய்க் கச்சேரி செய்ய அனுமதி கொடுத்தது யார் என்பார்கள்."

அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மேலே சொன்ன விதி மனப்பாடம். ஆனால் விதி தெரிந்தவனுக்கு ஒரு நோய் உண்டு; ஒரு விதி தெரிந்தால் பக்கத்து விதியும் நினைவுக்கு வரும். முழுக்கக் கலைத்தன்மையுள்ள நிகழ்ச்சிக்கு அனுமதி வேண்டாம், ஆனால் அதற்காக ஊதியம் பெற்றால் அனுமதி வேண்டும் என்று இன்னொரு விதி. காவலரைக் கூப்பிட்டேன்.

"அங்கே பாடினால் உனக்கு ஏதாவது கொடுப்பார்களா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பான்.

"கொடுப்பாங்க சாப். ஒரு தட்டு அரிசி. உப்பு, மிளகாய். வசதி இருந்தா ஒரு ரூபாய் வைப்பாங்க."

"வாங்கிக்கொள்வாயா?"

"வாங்கலைன்னா பாட்டு அந்த வாசல்ல இறங்காது சாப். சேதி என்கிட்டயே நின்னுடும்."

பெரிய பாபு என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்தேன். அன்று நான் எழுதிய குறிப்பு ஒன்றரைப் பக்கம். மரணச் செய்தியைப் பாட்டாகத் தெரிவிப்பது கலை நிகழ்ச்சியா, தகவல் பரிமாற்றமா. சமைக்காத அரிசி ஊதியமா, வெகுமதியா. இரண்டும் இல்லையெனில் அதற்கு என்ன பெயர் என்று தலைமையகம் தெளிவுபடுத்த வேண்டும் என்று முடித்திருந்தேன். நல்ல நடை. இன்றைக்கும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்காது. அந்தக் குறிப்போடு ஒரு சாதாரண விடுப்பு விண்ணப்பம், கலை நிகழ்ச்சிக்கான அனுமதி விண்ணப்பமாக மாறி டெல்லிக்குப் போயிற்று. எது செய்யக் கூடாது என்று விதி சொல்கிறதோ அதைச் செய்திருந்தேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்தரைக்கு அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்.

"சாப், வந்துதா?"

"வரவில்லை."

"நல்லது சாப்."

அவ்வளவுதான். கெஞ்ச மாட்டார், முணுமுணுக்க மாட்டார். விடுப்பு இல்லாமல் போனால் வேலை போகும். அவரை நம்பி மலையில் நாலு பேர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏப்ரல் போயிற்று. மழைக்காலம் வந்து மலைப்பாதைகள் சரிந்தன என்று பத்திரிகையில் போட்டான். நான் டெல்லிக்கு மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பியவனுக்கு மனச்சாட்சியின் உபத்திரவம் இருபது நாளைக்கு இருக்காது. சேவையின் சௌகரியங்களில் அதுவும் ஒன்று.

ஒன்றைக் கவனித்தேன். மார்ச் மாதத்திலிருந்து மதிய இடைவேளையில் அவர் சாரங்கியை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வரிசையில் முன்னால ஒண்ணு நிக்குது சாப். அது போகாம பின்னால இருக்கறது வராது" என்றார். எங்கள் அலுவலகத்தில் கோப்புகளுக்கும் அதே நிலைமைதான்.

காளி பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் என் மனைவி லேக் மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்கீரையை முறத்தில் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பிறந்தது கல்லிடைக்குறிச்சிப் பக்கம். இருபது வருடக் கல்கத்தா அவள் பேச்சில் ஓர் எழுத்தையும் அசைக்கவில்லை. அலுவலகத்துத் தமாஷாக இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். பெரிய பாபு சிமெண்ட் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கச்சேரியைப் பற்றிக் கேட்டதையும், நான் அரிசியைப் பற்றிக் கேட்டதையும் நடித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த மனுசன் துட்டி சொல்லப் போகணும்னு லீவு கேட்டிருக்காரு."

"துட்டியா?"

"பெறகு என்ன? சாவுச் சேதி சொல்லப் போறதுக்கு நம்மூர்ல என்ன பேரு? துட்டி சொல்லப் போறது. நீங்க கச்சேரின்னு எழுதிட்டு வந்திருக்கீங்க."

எனக்குத் தெரியாத சொல் இல்லை. என் தாத்தா இறந்தபோது ஏழு ஊருக்கு ஆள் போனது நினைவிருக்கிறது. ஒன்றரைப் பக்கம் எழுதியவனுக்கு அந்த ஒரு சொல் அகப்படவில்லை. இங்கிலீஷில் யோசித்ததால் இருக்கலாம்.

"எம்புட்டு நாளாச்சு?"

"மார்ச்சில் கேட்டான்."

"இப்ப கார்த்திகை." கீரையைத் தள்ளி வைத்தாள். "அந்தப் பொம்பள இன்னைக்கும் நெத்தில பொட்டு வச்சிக்கிட்டு இருப்பா, என்னா? துட்டி சொல்ல வந்தவன் நம்மூர்ல போயிட்டு வாறேன்னுகூடச் சொல்லிக்க மாட்டான். அவங்கிட்டப் போயி எம்புட்டு அரிசி வாங்குவேன்னு கேட்டிருக்கீங்களே, நல்லாவா இருக்கு?"

மறுநாள் அவர் மேஜைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. நானே கீழே இறங்கிப் போனேன். முக்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"ஒரு தந்தி கொடுக்கச் சொல்லு. தாயார் கவலைக்கிடம் என்று. மாலைக்குள் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்."

"அம்மா எனக்கு ஏழு வயசுல போயிட்டா சாப்."

"தெரியும். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான்."

"அவளை நானே பாடியிருக்கேன் சாப். எங்க அப்பா வில்லைப் பிடிச்சு விட, நான் பாடினேன். போயிட்டான்னு பாடினவளை இப்ப கவலைக்கிடம்னு எப்படி எழுதறது?"

மாடியேறி வந்து உட்கார்ந்தேன். அலமாரியிலிருந்து விடுப்புப் படிவம் ஒன்றை உருவி, முதல் முறையாக ஒரு விண்ணப்பதாரனைப் போல அதைப் படித்தேன். பெயர், பதவி, விடுப்பின் வகை, நாட்கள், காரணம். காரணம் என்ற கட்டத்தின் பக்கத்தில், அதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாக நான் பார்த்து வந்த படிவம். எட்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த வழி அதில் காலியிடமாக இருந்தது.

அவரை மேலே கூப்பிட்டேன்.

"புதிதாக ஒன்று எழுதித் தா. இந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதாதே."

அவர் கட்டத்தைப் பார்த்தார். பெரிய பாபுவும் எட்டிப் பார்த்தார்.

"இதைக் காலியா விட்டா பொய் ஆகாதா சாப்?"

"இல்லாததைச் சொன்னால்தானே பொய்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அந்த மேஜைக்கு முன்னால் நின்று யாரும் அவ்வளவு நேரம் உண்மையைப் பற்றி யோசித்து நான் பார்த்ததில்லை.

"பாட்டுல விடக் கூடாது" என்றார் கடைசியில். "படிவத்துல விடலாம்."

கையெழுத்துப் போட எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. டெல்லிக்குப் போன கோப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அந்த அவசரத்தில் மறந்துவிட்டது. மறக்கவில்லை, வெட்கமாக இருந்தது என்பதுதான் சரி. அவர் பாணியில் எழுதுவதானால் இந்த வரியைத் திருத்தியாக வேண்டும்.

மாலையில் சாரங்கியைத் துணியில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து சியால்தா ரயிலுக்குப் போனார். தினமும் சலாம் வைப்பவர் அன்று வைக்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. என் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கேயும் அப்படித்தான் போலும்.

பதினாறாம் நாள் காலை முக்காலியில் இருந்தார். சாரங்கி ஆணியில் இருந்தது. அதிகாரி கேட்கக் கூடாததுதான், கேட்டேன்.

"கார்த்திகைப் பூர்ணிமா அன்னிக்குப் போய்ச் சேர்ந்தேன் சாப். பாதை வளைவுல நான் வர்றதைப் பார்த்தா. உள்ளே போயிட்டா. ரொம்ப நேரம் வரலை. வந்தபோது புதுசா பொட்டு வச்சு, கையில சிவப்பு வளையல், கழுத்துல பாசிமணி எல்லாம் போட்டுக்கிட்டு வந்து வாசல்ல உட்கார்ந்தா. பாடுன்னா."

"அப்போது அவளுக்குத் தெரியாதா?"

"மணியார்டர் நின்னு எட்டு மாசம் ஆச்சு சாப். லீவுல போன நம்ம ஆளுங்க எல்லாம் அவ வீட்டைத் தாண்டறப்போ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருக்காங்க. தெரியாம என்ன?"

"பாடினாயா?"

"முழுசா. அவன் சொன்னதெல்லாம். பிறகு நான் ஏன் லேட்டுன்னும் பாடணும் இல்லையா சாப்? அதையும் பாடினேன்."

"என்னைப் பற்றியா?"

"உங்க பேரைப் பாடலை சாப். பதவியைப் பாடினேன். ரெண்டாம் மாடி அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆபீசர், அரிசி கூலியா பரிசான்னு டெல்லிக்கு எழுதிக் கேட்டார்னு." நியாயமாக ஒன்றைச் சேர்த்தார். "படிவத்துல காலி இடம் கண்டுபிடிச்சதும் வரும் சாப். கடைசி அடியில வரும்."

"அவள் என்ன சொன்னாள்?"

"பாட்டு முடிஞ்சதும் தட்டுல அரிசி கொண்டுவந்து வச்சா. இவ்வளவு சீக்கிரமா வந்துட்டியேன்னா."

"சீக்கிரமா?"

"ஆமா சாப். அந்த ஆபீசருக்கு என் நமஸ்காரம் சொல்லு, இன்னும் கொஞ்ச நாள் தாமதம் பண்ணியிருக்கலாம்னு சொல்லுன்னா. மறுநாள் காலையில எல்லாத்தையும் கழட்டிட்டு வெள்ளை உடுத்திக்கிட்டா. ஒரு வருஷம் உடுத்தணும்."

அது நன்றியா, சாபமா என்று கேட்டேன்.

"அவ சொன்னதைச் சொன்னேன் சாப்" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

முப்பத்து நான்கு வருடத்தில் பொதுமக்களிடமிருந்து எனக்கு வந்த நமஸ்காரம் அது ஒன்றுதான். எங்கள் இலாகாவின் தாமதத்தால் ஒருவர் பயனடைந்ததற்கும் எனக்குத் தெரிந்த சான்று அது ஒன்றுதான். எட்டு மாதம் ஒரு பெண்ணை நான் காக்க வைத்தேன் என்று சொல்லலாம். எட்டு மாதம் ஒரு பெண்ணுக்குக் கணவனை வைத்திருந்தேன் என்றும் சொல்லலாம். இரண்டில் எதை எழுதுவது என்று எந்தக் குறிப்பிலும் நான் இவ்வளவு திணறியதில்லை.

அன்று மதியம் அவர் மறுபடியும் சாரங்கியை எடுத்தார். எட்டு மாதப் பாக்கி இருந்ததால் இடைவேளை போதவில்லை. பெரிய பாபு ஜால்முடியோடு முதல் வரிசையில் நின்று, தம்மைப் பற்றிய அடி வந்தபோது தாளத்துக்குத் தலையாட்டினார். நான் மாடி ஜன்னலிலிருந்து கேட்டேன். அரிசியைப் பற்றிய அடி வந்தது. தீஸ்தாவுக்கு அந்தக் கரை மெட்டு என்று அடையாளம் தெரிந்தது. கொஞ்சம் நீட்டி, கடைசியில் கீழே விழும். என்னைப் பற்றி நான் கேட்ட ஒரே பாட்டு. தப்பான வரி ஒன்றும் இல்லை.

அடுத்த வருடமும் அவர் படிவம் கொடுத்தார், பதினைந்து நாளைக்கு, காரணக் கட்டத்தைக் காலியாக விட்டு. நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். வெள்ளை அவிழ்க்கும் நாளன்று காயினே போய் இறந்தவனை இன்னொரு முறை முழுக்கப் பாடி முடிக்க வேண்டும். பூர்ணிமாவுக்கு மறுநாள் காலை.

அவர் மலையில் இருந்தபோது டெல்லியிலிருந்து உறை வந்தது. என் ஒன்றரைப் பக்கத்துக்கும் மூன்று நினைவூட்டல்களுக்கும் சேர்த்துப் பதில். சமைக்காத அரிசி, வழக்கத்தை ஒட்டிக் கொடுக்கப்படுமாயின், ஊதியமாகக் கருதப்பட மாட்டாது. ஆகவே அனுமதி தேவையில்லை. விண்ணப்பதாரர் உரிய படிவத்தில் ஈட்டிய விடுப்புக் கோரலாம். கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி: சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு இதற்கிடையில் செய்தி தெரிவிக்கப்பட்டுவிட்டதா என்பதைத் தெரிவிக்கவும்.

பெரிய பாபு உறையைப் பிரித்து 'பெறப்பட்டது' என்ற முத்திரையைக் குத்திக் கொடுத்தார். 'தெரிவிக்கப்பட்டது' என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். பிறகு முத்திரையைப் பார்த்தேன். முந்தின நாள் குரு நானக் ஜயந்தி, கார்த்திகைப் பூர்ணிமா, அலுவலகத்துக்கு விடுமுறை. உறை வந்து சேர்ந்த தேதி நவம்பர் பதினைந்து, மலையில் அவள் வெள்ளை அவிழ்க்கும் நாள்.